துண்டுக்குள் இரண்டு விரல்

பாவாயியின் வயிற்றுப் பிள்ளை மாதம் நிறைந்தும் வெளியே வராமல் பேரத்துக்கு உட்கார்ந்துகொண்ட வருசம், மொடக்காட்டூரில் நல்ல மழை பெய்தது, மாடுகளுக்குக் கோமாரி வந்தது, ஆற்றுப் பாலத்து வேலை பாதியில் நின்றது, அதோடு இதுவும் ஒன்று என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். நம்பாதவர்கள் நம்பாமல் போகலாம், யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஆனால் மாட்டுச் சந்தையில் விலை எப்படிப் பேசுவார்கள் என்று தெரிந்துகொண்டு வந்தால் நல்லது, அது தெரியாதவனுக்கு இதில் பாதி விளங்காது.

எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும், இல்லாவிட்டால் அவருக்காகப் பேசுகிற தரகுக்காரர் கையும், ஒரு துண்டுக்குள் போகும். உள்ளே ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, பிடித்ததை உதறினால் கட்டாது என்று அர்த்தம். வெளியே இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு மழையைப் பற்றியோ மருமகனைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்பார்கள். துண்டுக்குள் கை இருக்கும்வரை மூன்றாவது ஆள் வாய் திறக்கக்கூடாது. எவராவது கையை உருவிக்கொண்டால் பேரம் செத்தது, அதற்குமேல் அந்த மாட்டைப் பற்றிப் பேச்சே கிடையாது.

இந்தச் சந்தையில் தோளில் துண்டு போட்ட ஒரே பொம்பளைத் தரகு பாவாயி. அப்பன் ஆத்தாள் முகம் தெரியாமல் சந்தையில் சாணி அள்ளி வளர்ந்தவள், கூடையைத் தலையில் வைத்தபடி ஆண்களின் துண்டு அசைவதை வெளியிலிருந்தே பார்த்துப் பார்த்து உள்ளே எந்த விரல் எதைப் பிடிக்கிறது என்று படித்துக்கொண்டவள், ஒரு நாள் சிவப்புத் துண்டு ஒன்றை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடுச்சந்தையில் போய் நின்றாள். சிரித்தவர்கள் எல்லாம் அடுத்த மழைக்குள் அவள் வாயில் விழுந்து எழுந்தார்கள். நாக்குதான் அவளுக்குச் சொத்து, அந்த நாக்கேதான் சனியனும்.

அவள் வீட்டுக்கும் கயிற்றுக்கடை வசந்தாமணி வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஒரு காலத்தில் அந்தச் சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணம் போகும், வரும். பிறகு ஒரு சந்தை நாளில், வசந்தாமணி விற்ற தலைக்கயிறு இற்றுப்போய் காளை ஒன்று அறுத்துக்கொண்டு ஓடியதில் பேச்சு முற்றி, சந்தையே கேட்கும்படி பாவாயி சொன்னாள்: "பல்லப் பாத்து மாட்டுக்கு வயசு சொல்றவ நானு. மலட்டு மாடு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

பிள்ளையில்லாமல், புருசனையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டுக் கயிறு திரித்துப் பிழைத்துக்கொண்டிருந்த வசந்தாமணி அறுந்த கயிற்றைக் குனிந்து எடுத்துச் சுருட்டிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் சுவருக்கு மேலே ஒன்றும் போகவில்லை, வரவில்லை.

பாவாயி கோயிலில் மாலை மாற்றிக்கொண்ட லாரிக்கார செல்லக்குமாரும் கொஞ்ச நாளில் மாடேற்றிக்கொண்டு வடக்கே போனான். முதலில் போனில் பேசினான், பிறகு போன் அடித்தால் எடுத்தான், பிறகு எடுக்கவும் இல்லை. அவன் விட்டுப்போனது வயிற்றில் இருந்ததை மட்டும்தான். அவள் அழுததாக யாரும் சொல்லிக் கேட்கவில்லை. அழுதிருந்தாலும் எங்களுக்குக் காட்டியிருக்கமாட்டாள்.

வலி கண்ட காலையில் தாலுகா ஆஸ்பத்திரிக்குத் தானே பஸ் ஏறிப் போனாள். அங்கே பிரசவத்துக்கு வருகிற எவளையும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பார்கள்.

"கூட யாரும்மா வந்திருக்கா?" என்றாள் நூர்ஜஹான் சிஸ்டர், ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை அவள் கையில் சுற்றிக்கொண்டே.

"நாந்தானுங்க வந்திருக்கேன்."

"நீங்க பேஷன்ட்டு. கூட யாரு?"

"கூடவும் நாந்தானுங்க."

சிஸ்டர் சிரித்தாள், பாவாயி சிரிக்கவில்லை. அவள் வலது கை துண்டுக்கு அடியில் வயிற்றின்மேல் இருந்தது. அப்போதுதான் உள்ளேயிருந்து, தோலுக்கு அந்தப் பக்கமிருந்து, ஒரு சின்னக் கை வந்து அவள் விரலைப் பிடித்தது. பிடித்தால் பிடி, அத்தனை கெட்டியாக. இரண்டு விரல். தோல் நடுவில் ஒரு துண்டு மாதிரி இருந்தது. பாவாயி கூரையில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, பழக்க தோசத்தில், ஒன்று என்று திருப்பிப் பிடித்தாள். உள்ளே இருந்த கை உதறியது. வலி நின்றுபோனது.

அது என்ன கேட்கிறது என்று அவளுக்கு அந்த நிமிசமே தெரியும். வரும்போது எதிர்கொண்டு வாங்க ரெண்டு பேர் வேண்டும், ஒருத்தி போதாது, அவ்வளவுதான். ஆனால் தெரிந்ததை வெளியே காட்டிக்கொண்டால் தரகுக்கு அழகில்லை, அதனால் தெரியாத மாதிரி இருந்துவிட்டாள்.

டாக்டர் ஹெலன் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள், சின்ன வயசு, பொறுமைசாலி. ஸ்கேன் பார்த்தாள், தண்ணீர் அளவு பார்த்தாள், இதயத் துடிப்பை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாள், எல்லாம் சரியாக இருந்தது. வலி வரவைக்கிற மருந்தை டிரிப்பில் ஏற்றினாள். வலி வந்தது, வயிற்றுக்குள் கை இரண்டு விரலைப் பிடித்தது, பாவாயி ஒன்றைப் பிடித்தாள், வலி போனது. கடைசியில் டாக்டர், "ஆபரேஷன் பண்ணிரலாம் அக்கா, தள்ளிப்போட வேண்டாம்" என்றாள். பாவாயி சரி என்று பச்சைத் துணியை மாட்டிக்கொண்டு மேசையில் ஏறி உட்கார்ந்தும்விட்டாள். முதுகில் ஊசி போடுவதற்கு முன்னால் டாக்டர் கேட்டாள்.

"இடுப்புக்குக் கீழ உங்களுக்கு உணர்வு இருக்காது. எடுத்த உடனே குழந்தைய யார் கையில கொடுக்கறது?"

"கீழ வைங்க. நான் எந்திரிச்சு எடுத்துக்கறேன்."

தியேட்டரில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மயக்க மருந்துக்காரர் ஊசியைத் திரும்ப வைத்தார். அந்தப் பார்வை பாவாயிக்குப் பொறுக்கவில்லை. யாராவது பரிதாபப்பட்டால் அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை எரியும். "துண்டுக்குள்ள கை இருக்குது. அதுக்கும் எனக்கும் பேரம் நடக்குது. நடுவுல ஆரும் பேசப்படாது" என்று சொல்லிவிட்டு, மேசையிலிருந்து இறங்கி, பச்சைத் துணியோடேயே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். டாக்டர் பஸ் ஸ்டாப்வரை பின்னாலேயே ஓடிவந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "வாரா வாரம் வந்து காட்டணும். உள்ள அசைவு குறைஞ்ச மாதிரித் தெரிஞ்சா, தின்னுட்டிருந்த சோத்த அப்படியே விட்டுட்டு வந்துரணும். எனக்கு வாக்குக் கொடுங்க." பாவாயி வாக்குக் கொடுத்தாள். வியாபாரத்தில் அவள் வாக்குத் தவறினவள் இல்லை.

அப்படித்தான் ஆடி போய் ஆவணி வந்தது, ஆயுத பூசை போய்த் தீபாவளி வந்தது, பொங்கலும் வந்து பட்டியில் மாடுகளுக்குக் கொம்புச் சாயம் பூசினார்கள், பிள்ளை வரவில்லை. வளரவும் இல்லை, மெலியவும் இல்லை, பிறப்பதற்குத் தயாராக வந்து வாசற்படியில் நிற்கிற அளவிலேயே நின்றது. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் இத்தனை வாரத்துக்குமேல் கர்ப்பத்தை ஏற்றுக்கொள்ளாது என்று அடம்பிடித்ததால், டாக்டர் ஒவ்வொரு வாரமும் அதன் கடைசி வாரத்தையே திரும்பத் திரும்பப் பதிந்தாள். சத்துமாவு கொடுக்கிற அங்கன்வாடி டீச்சர், தாய்க்கு ஒரு பொட்டலம் கொடுத்து, பிள்ளைக்கு ஒரு பொட்டலமும் சேர்த்தே கொடுத்தாள். வளையல்காரர் மாசம் தவறாமல் வந்து வளைகாப்பு எப்போது என்று கேட்டார். ஜோசியர் நேரம் தெரியாமல் ஜாதகம் எழுதமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு, அப்புறம் மூன்று நேரத்துக்கு மூன்று ஜாதகம் எழுதித் தயாராக வைத்துக்கொண்டார். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் போனால், தலை தெரியாமல் சேர்க்க விதியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். தலைதான் நல்லாத் தெரியுதே, ஸ்கேனில் பாருங்கள் என்று எங்கள் ஆட்கள் போய்ச் சண்டை போட்டார்கள்.

சந்தைக்கு அது வந்தது இப்படித்தான். ஒரு காங்கேயம் காளைக்கு விலை இழுபறியாகி இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு நின்றபோது பாவாயியின் வலது கை தற்செயலாக வயிற்றின்மேல் இருந்தது, உள்ளே இருந்த கை விரல் பிடித்து ஒரு விலை சொன்னது. அவள் அதையே இடது கையால் துண்டுக்குள் சொன்னாள். ஞாயமான விலை. ஞாயமான விலை என்பது இரண்டு பேருக்கும் பிடிக்காத விலை, அதனால் இரண்டு பேரும் திட்டிக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எருமை, ஆடு, வரப்புத் தகராறு, சீர்வரிசைத் தகராறு எல்லாம் அவள் வயிற்றுக்கு முன்னால் வந்து நின்றன. "கண்ணு, மாமன் சொல்றது ஞாயமா, அந்தாளு சொல்றது ஞாயமா, நீயே சொல்லு" என்று பெரிய பெரிய மீசைக்காரர்கள் குனிந்து வயிற்றோடு பேசினார்கள். பொம்பளைகள் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அம்மிணி தூங்குது" என்று அவர்களாகவே முடிவுசெய்து மெதுவாக நடந்து போனார்கள். பிள்ளை என்றால் பொட்டப்பிள்ளை என்று ஊர் தீர்மானித்திருந்தது. யாரும் ஸ்கேனில் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லக்கூடாது.

எல்லோரும் வயிற்றோடுதான் பேசினார்கள். வயிற்றுக்கு மேலே ஒரு முகம் இருந்ததையும், அந்த முகத்துக்காரிக்குக் கால் வீங்கியிருந்ததையும், படுத்தால் தூக்கிவிட ஆளில்லாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்ததையும் நாங்கள் பார்த்தோம் என்று சொன்னால் பொய். சாப்பிட்டாயா என்று கேட்கவும் பயம், கேட்டால், "ஏன், நீ வந்து ஆக்கிப் போடறியா?" என்பாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் சந்தை காலியாகி, வைக்கோலும் சாணி வாசமும் மட்டும் மிஞ்சும்போது, அவள் வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, துண்டை வயிற்றின்மேல் விரித்து, கையை உள்ளே விடுவாள்.

"தொட்டில் வாங்கித் தரேன். தேக்குல. ஒண்ணுன்னு முடிச்சுக்கலாம்."

இரண்டு.

"நா ஒருத்தியாத்தான் வளந்தேன். செத்தா போயிட்டேன்? கெடேரிக்கன்னு ஒண்ணு உம்பேருக்கே கட்டறேன். ஒண்ணு."

இரண்டு.

"ரெண்டாவதுக்கு நா எங்கடி போவேன்? வெலைக்கு வாங்கற சமாச்சாரமா அது?"

உள்ளே இருந்த கை உதறவில்லை. இரண்டு விரலைப் பிடித்தபடியே, விடாமல், வெகுநேரம் இருந்தது. பேரத்தில் அப்படி யாரும் பிடித்து அவள் கண்டதில்லை. அந்தப் பிடிக்காகத்தான், முடிந்துவிடக்கூடாதே என்றுதான், அவள் ஒன்றிலேயே நின்றாளோ என்று பிற்பாடு எங்களுக்குத் தோன்றியது. ஒருத்தி கையை இன்னொரு கை அந்நேரத்துக்கு வந்து பிடிப்பது அவளுக்கு அதுவரை வாய்க்காத காரியம். சுவருக்கு அந்தப் பக்கம் வசந்தாமணி கயிறு திரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். இவள் குரல் உயரும்போது அந்தச் சத்தம் நிற்கும், இவள் அடங்கியதும் மறுபடி தொடங்கும்.

மாசியில் ஒரு சந்தை நாள், வெயில் ஏறுகிற நேரம், வெளியூர் வியாபாரி ஒருவர் கையைத் துண்டுக்குள் பிடித்துக்கொண்டு பாவாயி ஒரு ஜோடி உழவு மாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல வலது கை வயிற்றுக்குப் போனது. உள்ளே பதில் இல்லை. இரண்டு விரலை அவளாகவே அழுத்திப் பார்த்தாள். மூன்றை, நான்கை அழுத்தினாள். காலையில் பல் விளக்கும்போதும் அசைவு இல்லையே என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முந்தின சாயந்திரம் ஒரு கோபத்தில், "வராட்டிப் போ, அங்கயே கெட" என்று துண்டை உதறிவிட்டுப் படுத்தவள் அவள்.

கை உருவப்பட்டால் பேரம் செத்தது. அது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பாவாயி வியாபாரியின் கையிலிருந்து தன் கையை உருவினாள். அவர் வாயைப் பிளந்தார். அவள் யாரிடமும் அப்படிச் செய்ததில்லை. மாடுகளுக்கு நடுவே, வண்டிகளுக்கு நடுவே, டீக்கடை பெஞ்சுகளுக்கு நடுவே அவள் நடந்து போனாள், நாங்கள் வழிவிட்டோம், அவள் வசந்தாமணியின் கயிற்றுக்கடை முன்னால் போய் நின்றாள். கடையில் தலைக்கயிறுகளும் மூக்கணாங்கயிறுகளும் சலங்கைகளும் தொங்கின. வசந்தாமணி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

பாவாயி தோளிலிருந்த சிவப்புத் துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டு நீட்டினாள். வசந்தாமணி அந்தத் துண்டையே பார்த்தாள். பிறகு கயிற்றைக் கீழே வைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, துண்டுக்குள் விட்டாள். உள்ளே என்ன பிடித்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது.

"எதுக்குங்க?" என்றாள் வசந்தாமணி.

"ஆஸ்பத்திரிக்கு. கூட ஆரு வந்திருக்காங்கன்னு கேப்பாங்க."

"ஊருல இத்தன பொம்பளைக, நாலு பெத்தவ அஞ்சு பெத்தவ எல்லாம் இருக்கறாங்க. நா மலட்டு மாடுங்களே."

சந்தையில் மாடுகூடக் கத்தவில்லை என்று சொன்னால் மிகையாகத் தெரியும், ஆனால் கத்தவில்லை. பாவாயி சந்தை முழுக்கக் கேட்கும்படி, மாட்டுக்கு விலை கூவுகிற அதே குரலில் சொன்னாள்: "அது பல்லுப் பாக்கத் தெரியாதவ சொன்னதுங்க."

தரகுத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அந்த வார்த்தையின் கனம் தெரியும். பல்லுப் பார்க்கத் தெரியாது என்று நடுச்சந்தையில் ஒப்புக்கொண்ட தரகிடம் அடுத்த வாரம் எவன் மாட்டைக் கொண்டுவருவான்? அவள் சம்பாதித்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று. வசந்தாமணி கடைக்கதவை இழுத்து ஒரு கயிற்றால் கட்டினாள், செருப்பைப் போட்டுக்கொண்டாள். "எந்த வண்டியில?" என்றாள்.

கன்று ஏற்றிவந்த குட்டியானை வண்டி ஒன்றில் வைக்கோல்மேல் உட்கார்ந்து போனார்கள். வழியெல்லாம் வசந்தாமணி ஒரு கையால் வண்டிக் கம்பியையும் இன்னொரு கையால் பாவாயியின் முதுகையும் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் ஹெலன் கருவியை வயிற்றில் வைத்தாள். ஸ்பீக்கரில் நெடுநேரம் இரைச்சல்தான் வந்தது, அதற்குள்ளிருந்து மெதுவாக, களைத்த மாடு நடக்கிற மாதிரி, ஒரு துடிப்பு. டாக்டர் நடந்துகொண்டே எல்லோருக்கும் வேலை சொன்னாள். அந்த ஓட்டத்திலும் நூர்ஜஹான் சிஸ்டர் வாய்ப் பழக்கத்தில் கேட்டாள்.

"கூட யாரு வந்திருக்கா?"

"நான்" என்றாள் வசந்தாமணி.

"நீங்க என்ன வேணும் இவங்களுக்கு?"

வசந்தாமணி பாவாயியைப் பார்த்தாள். பாவாயி கூரையைப் பார்த்தாள். "சுவத்துக்கு அந்தப் பக்கமுங்க" என்றாள் வசந்தாமணி. டாக்டர் அவளுக்கும் ஒரு பச்சைத் துணியை மாட்டித் தியேட்டருக்குள் கூட்டிக்கொண்டாள்.

முதுகில் ஊசி இறங்கியது, இடுப்புக்குக் கீழே பாவாயி இல்லாமல் போனாள். முகத்துக்கு நேரே பச்சைத் திரை கட்டினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் இழுப்பதும் அழுத்துவதும் யாருடைய உடம்புக்கோ நடப்பதுபோல இருந்தது. கத்தரியின் சத்தம் கேட்டது. தொப்புள் கயிற்றை அறுத்தாயிற்று என்று அவளுக்குப் புரிந்தது. அழுகைச் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

அவள் பிறந்ததிலிருந்து கேட்டறியாத அமைதி அது. வாய்க்குள் குழாய் விட்டு உறிஞ்சுகிற ஓசை, முதுகைத் தேய்க்கிற ஓசை, குழந்தை டாக்டர் முணுமுணுப்பது, இவற்றுக்கு நடுவே தனியாகப் படுத்துக்கொண்டு, அசைக்க முடியாத காலோடு, பாவாயி கேட்டாள்.

"ஆரு கையில இருக்குது?"

"எங்கையிலதான் சாமி" என்றாள் வசந்தாமணி. உடனே, தன்னைச் சாமி என்று கூப்பிட்டது யாரென்று பார்க்க வந்ததுபோல, பிள்ளை வீறிட்டது.

பொட்டப்பிள்ளைதான். துடைத்து, சிவப்புத் துண்டில் சுற்றி, பாவாயியின் நெஞ்சின்மேல் கொண்டுவந்து வைத்தார்கள். சீம்பால் உடனே கொடுக்கணும் என்று சிஸ்டர் சொல்லிக்கொடுக்க வந்தாள். "கன்னுக்குட்டிக்குச் சொல்ற மாதிரியே சொல்றீங்க" என்றாள் பாவாயி. அன்றைக்கு அவள் பேசிய ஒரே வேடிக்கைப் பேச்சு அது. பிறகு பழக்கத்தில் துண்டுக்குள் கையை விட்டாள். சின்னக் கை அவள் விரலைப் பிடித்தது. ஒன்றைத்தான் பிடித்தது. பாவாயி காத்திருந்தாள், இன்னொன்று வரவில்லை. துண்டை விலக்கிப் பார்த்தபோது, பிள்ளையின் மற்ற கை, கயிறு திரித்துக் காய்த்துப்போன வசந்தாமணியின் விரலைப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு ஊர் கொஞ்ச நாள் துண்டும் கையுமாக வந்தது. பிள்ளை யார் விரலையும் பிடித்து விலை சொல்லவில்லை. எல்லாப் பிள்ளையும்போலத் தூங்கியது, ஈரம் பண்ணியது, அழுதது. வரப்புத் தகராறுக்காரர்கள் ஏமாந்து போய்த் தாலுகா ஆபீசுக்கே திரும்பப் போனார்கள். மாடு கொண்டுவருகிறவர்களும் குறைந்தார்கள், அது நாங்கள் எதிர்பார்த்ததுதான். பாவாயி தையல் போட்ட வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைச் சில சாயந்திரங்களில் பார்த்தோம். உள்ளே யாரும் இல்லை. அத்தனை மாசம் அவளோடு மல்லுக்கு நின்ற கை இப்போது தொட்டிலில் மூடிக்கொண்டு கிடந்தது, அவள் தொட்டாலும் தூக்கத்தில் விலகிக்கொண்டது.

வசந்தாமணி தினமும் கடை சாத்தியதும் வருவாள். வெந்நீர் வைப்பாள், பிள்ளையைக் குளிப்பாட்டுவாள், துணி அலசிப் போடுவாள், ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டாள். சமாதானமாகிவிட்டார்கள் என்று சொல்லமுடியாது. சொன்ன சொல் சொன்னதுதான், அது இரண்டு பேருக்கும் நடுவில், அந்தச் சுவர் மாதிரி, இருக்கிற இடத்திலேயே இருந்தது.

ஒரு சாயந்திரம் பாவாயி வீட்டுப் பக்கம் போன நாங்கள் சிலர் திறந்திருந்த கதவு வழியே பார்த்தோம். பாவாயி தரையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அவள் மடியில், சிவப்புத் துண்டுக்குள். வசந்தாமணி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கும் வருவீங்களா?" என்றாள் பாவாயி.

பதில் தெரியாத ஒரு கேள்வியை அவள் வாயால் கேட்டு நாங்கள் அதுவரை கேட்டதில்லை. வசந்தாமணி திரும்பினாள். பிறகு எதிரில் உட்கார்ந்தாள். பிள்ளைமேல் கிடந்த துண்டுக்கு அடியில் இவள் கை போனது, அவள் கையும் போனது. ஒருத்தி கதவைப் பார்த்தாள், இன்னொருத்தி விளக்கைப் பார்த்தாள். துண்டு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது.

என்ன முடிவானது என்று எங்களில் ஒருவன் வாயெடுத்தான். பக்கத்தில் இருந்தவன் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினான். நாங்கள் சத்தமில்லாமல் நடந்து வந்துவிட்டோம்.